சிக்குக் கோலத்தை ஹீட் எம்போஸ் செய்து மேலே இங்க் வாஷ்: எது முதலில், எது பிறகு?

தைஅட்டை, சென்னை

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் வாழ்த்து அட்டைகளை வீட்டிலேயே செய்து சொந்தக்காரர்களுக்குத் தபாலில் அனுப்புவது எனக்கு வழக்கம். இந்த முறை சிக்குக் கோலம். கோல ஸ்டாம்பை மெதுவாகக் காயும் எம்போசிங் மையில் தோய்த்து வெள்ளைத் தாளில் அழுத்தி, தங்கப் பவுடர் தூவி, சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் உருக்கிவிட்டு, அதன் மேல் மஞ்சளும் ஊதாவுமாக வாஷ், அதாவது தண்ணீரில் கரைத்த மை, ஓட்டுகிறேன். தங்கக் கோடு மேலே எழும்பி நிற்க வேண்டும், சுற்றிலும் நிறம் தண்ணீராகப் படர்ந்திருக்க வேண்டும். அதுதான் ஆசை.

ஆனால் பவுடர் கோட்டில் மட்டும் ஒட்டாமல் தாள் முழுக்கப் பொட்டுப் பொட்டாக நிற்கிறது. வாஷ் பட்டதும் தாள் அப்பளம்போல வளைகிறது. எனக்குப் புரியவே புரியாத ஒன்றும் இருக்கிறது. உருக்கியபோது பளபளவென்று இருந்த தங்கம், வாஷைக் காயவைக்க அதே ஹீட் கன்னைப் பிடித்ததும் மங்கிவிடுகிறது. கோட்டின் ஓரத்தில் எண்ணெய் பட்டதுபோல ஒரு கறையும் தெரிகிறது.

தாள் கடையில் ‘திக் சார்ட்’ என்று கேட்டு வாங்கியது, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்). ஒருவேளை வாஷை முதலில் ஓட்டிவிட்டு எம்போசிங்கைப் பிறகு செய்ய வேண்டுமோ? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நீலச்சாயம், கோவை

வணக்கம் தங்கை. நல்ல கேள்வி. பவுடர் ஒட்டும் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், மற்றதற்கு ஆட்கள் வருவார்கள்.

எம்போசிங் பவுடர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் பிசின் துகள். ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு, நிலைமின்சாரம் இந்த மூன்றில் எது தாளில் இருந்தாலும் அது போய் உட்கார்ந்துகொள்ளும். சென்னையில் முதல் இரண்டும் தாராளமாக இருக்கும். மார்கழிக் காலையில் தாளைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். அது குளிர்ச்சி மட்டுமில்லை, காற்றின் ஈரத்தைத் தாள் குடித்திருக்கிறது. ஸ்டாம்ப் அழுத்துவதற்கு முன்பே வெறும் தாளின் மேல் ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்துச் சில நொடிகள் காட்டி, தாள் ஆறியதும் வேலையைத் தொடங்குங்கள். ஸ்டாம்ப் அழுத்திய பிறகு காயவைக்க நினைத்தால் மையும் சேர்ந்து காய்ந்துவிடும்.

அடுத்தது கை. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு வந்து தாளைத் தொட்டால், விரல் ரேகை முழுவதும் தங்கத்தில் எழும்பி வரும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த கையால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

அப்புறம் கார்ன்ஃப்ளோர் மூட்டை. ஒரு ஸ்பூன் மக்காச்சோள மாவை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்ப் அழுத்துவதற்கு முன் அதைத் தாளின் மேல் லேசாகத் தட்டித் தேய்த்தால் ஈரமும் நிலைமின்சாரமும் அடங்கும். ஆனால் நீங்கள் பிறகு வாஷ் ஓட்டப்போகிறீர்கள் என்பதால் மாவு அங்கேயே தங்கக் கூடாது. தங்கினால் அந்த இடத்தில் நிறம் திட்டுத் திட்டாக விழும். உருக்கி முடித்து ஆறிய பிறகு, மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தாள் முழுக்கத் துடைத்துவிட்டு வாஷுக்குப் போங்கள்.

பவுடரைத் தூவும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். அதிகப் பவுடரைக் கொட்டிய பிறகு தாளின் முதுகில் விரலால் சுண்டுங்கள். அதற்கும் மசியாத துகளைச் சின்ன, உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷின் நுனியால் ஒவ்வொன்றாக எடுங்கள். உருக்குவதற்கு முன் எடுத்தால்தான் உண்டு. உருகிய பிறகு அது தாளோடு தாளாகிவிடும்.

அச்சுக்கூடம், சிவகாசி

மங்கிய தங்கத்துக்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் தொழிலில் இதற்கு அண்ணன் ஒன்று உண்டு, தெர்மோகிராபி. கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் எழுத்து பளபளவென்று மேடாக இருக்குமே, அதுதான். அச்சடித்த மை ஈரமாக இருக்கும்போதே பிசின் பவுடரைத் தூவுவோம். ஒட்டாததை மெஷின் உறிஞ்சி எடுத்துவிடும். தாள் கன்வேயரில் ஹீட்டருக்குள் போகும், பவுடர் உருகி மையோடு சேர்ந்து உப்பி நிற்கும், வெளியே வந்து ஆறும். நீங்கள் கையால் செய்வதும் இதையேதான்.

இதில் ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். இந்தப் பிசின் ஒருமுறை உருகி இறுகிவிட்டால் அத்தோடு முடிந்தது என்று இல்லை. எத்தனை முறை சூடு காட்டினாலும் அத்தனை முறையும் இளகும். தெர்மோகிராபியில் அச்சடித்த லெட்டர்ஹெட்டை லேசர் பிரிண்டரில் போட்டால் தொல்லை வருவது இதனால்தான். பிரிண்டருக்குள் டோனரை உருக்கும் உருளை 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும். மேடான எழுத்து இளகி அந்த உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் அட்டையிலும் அதுதான் நடக்கிறது. முதல் சூட்டில் பவுடர் உருகித் தாளின் மேல் நிற்கிறது. வாஷைக் காயவைக்கக் காட்டிய இரண்டாம் சூட்டில் மறுபடி இளகித் தாளின் நாருக்குள் இறங்குகிறது. இறங்கினால் மேடு குறையும், பளபளப்பு போகும். கோட்டின் ஓரத்தில் தெரியும் எண்ணெய்க் கறை, தாளுக்குள் ஊறிய அந்தப் பிசின்தான். முதல் முறையே அதிக நேரம் சூடு காட்டினாலும் இதே கதிதான். ஆகவே சூட்டு வேலையை முதலில் முடித்துவிடுங்கள். தண்ணீர் பட்ட பிறகு ஹீட் கன்னை எடுக்காதீர்கள்.

தைஅட்டை

அண்ணா, இப்போதுதான் புரிகிறது. பிரிண்டர் உதாரணம் நன்றாக மனதில் நின்றது. அக்காவுக்கும் நன்றி. அப்படியானால் வாஷைக் காயவைக்க என்ன வழி? ஃபேன் காற்று போதுமா? தாள் வளைவதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

தூரிகைநெல்லை, திருநெல்வேலி

நான் வாட்டர்கலர் ஆள். அட்டை செய்வது அவ்வப்போதுதான்.

முதலில் தாளை மாற்றுங்கள். சார்ட் தாள் தண்ணீருக்காகச் செய்ததல்ல. நாரில் தண்ணீர் ஏறியதும் நனைந்த பக்கம் விரியும், காய்ந்த பக்கம் அப்படியே இருக்கும், அதனால் வளையும். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளில் இது வெகுவாகக் குறையும். அந்தத் தாளில் ஜெலட்டின் போன்ற பசையூட்டு இருப்பதால் நிறம் உடனே உள்ளே ஊறாது. மேலே கொஞ்ச நேரம் மிதந்து, நாம் நகர்த்தும் பக்கம் நகரும். வாஷின் அழகே அந்தக் கொஞ்ச நேரம்தான்.

வாட்டர்கலர் தாளிலும் உங்களுக்கு வேண்டியது ஹாட் பிரஸ். சூடான உருளையில் அழுத்தி வழவழப்பாக்கிய தாள் அது. சூடில்லாமல் அழுத்திய கோல்ட் பிரஸ் தாளில் மேடு பள்ளம் இருக்கும். ஸ்டாம்ப் மேட்டில் மட்டும் பட்டுப் பள்ளத்தைத் தாண்டிவிடும். சிக்குக் கோலத்தின் மெல்லிய கோடு அதில் அறுந்து அறுந்து விழும். பெரிய இலை, பானை மாதிரி தடித்த உருவம் என்றால் கோல்ட் பிரஸ் தாராளமாகச் சரிப்படும், வாஷும் அதில் இன்னும் உயிரோடு இருக்கும்.

கையால் செய்த பருத்தித் தாள் பார்க்க ஆசையாக இருக்கும். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959 முதல் இயங்குகிறது, போனால் பார்க்காமல் வராதீர்கள். ஆனால் கைக்காகிதம் எதுவானாலும் வாங்கும்போது ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் வையுங்கள். துளி உருண்டையாக நின்றால் வாஷுக்கு ஆகும். வைத்தவுடன் உறிஞ்சிவிட்டால் அது எழுதவும் உறை செய்யவும்தான் ஆகும்.

இனி வளைவு. மடித்த அட்டையின் மேலேயே வாஷ் ஓட்டாதீர்கள். தனித் துண்டில் செய்து, காய்ந்த பிறகு அட்டையில் ஒட்டுங்கள். அந்தத் துண்டின் நான்கு பக்கத்தையும் பலகையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு வாஷ் ஓட்டுங்கள். முழுக்கக் காயும்வரை டேப்பை எடுக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பாதி ஈரத்தில் எடுத்தால் ஒட்டியதற்கே பலன் இல்லை. காய்ந்தபின் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வையுங்கள். எம்போஸ் கோட்டின் மேல் பட்டர் பேப்பர் ஒன்றைப் போட்டு வைத்தால் கீறல் விழாது.

காயவைக்க ஃபேன் காற்று போதும். ஆனால் தாளில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது ஃபேனுக்கு நேராக வைக்காதீர்கள். காற்று தண்ணீரைத் தள்ளி, நீங்கள் நினைக்காத இடத்தில் ஓரக்கோடு போட்டுவிடும். பளபளப்பு அடங்கிய பிறகு ஃபேன் போடலாம்.

பனித்துளி, டொராண்டோ

வணக்கம். நான் எல்லோருக்கும் எதிர்ப்பக்கம் நின்று கதைக்கப் போகிறேன்.

நான் வாஷை முதலில் செய்கிறேன், எம்போசிங்கைப் பிறகு. காரணம் சுலபம். வாஷ் எப்படி வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஸ்டாம்ப் அழுத்தி, பவுடர் தூவி, உருக்கி, அத்தனை பாடுபட்ட பிறகு வாஷ் கெட்டுப் போனால் முழுத் துண்டும் போச்சு. பெரிய கடதாசி ஒன்றை எடுத்து முழுக்க வாஷ் செய்து, நன்றாகக் காயவிட்டு, வடிவாக வந்த பகுதிகளை மட்டும் அட்டை அளவுக்கு வெட்டி எடுப்பேன். அதன்மேல் எம்போஸ் செய்தால் தங்கத்தில் நிறத் துளி எதுவும் ஒட்டாது. தங்கம் தங்கமாகவே இருக்கும்.

இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதால் காற்று மிகவும் வறண்டுபோய் இருக்கும். கடதாசி காய்வது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. நிலைமின்சாரம்தான் எதிரி. சட்டையில் இருந்தும் கம்பளத்தில் இருந்தும் பவுடர் பாய்ந்து ஒட்டும். நீலச்சாயம் அக்கா சொன்ன மாவு மூட்டை இல்லாமல் நான் தொடங்கவே மாட்டேன்.

நீலச்சாயம்

பனித்துளி, நீங்கள் சொல்வது தங்கத்துக்கும் வெள்ளைக்கும் ரொம்பச் சரி. வறண்ட ஊருக்கும் சரி. ஆனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது மை. வாஷுக்கு நீங்கள் எந்த மை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். சாய மை தாளுக்குள் போய்விடும், காய்ந்தால் காய்ந்ததுதான். பிக்மென்ட், அதாவது கரையாத நிறத்தூள், கலந்த மை தாளின் மேலேயே ஒரு படலமாக நிற்கும், மெதுவாகத்தான் காயும். ரேஞ்சர் நிறுவனத்தின் டிஸ்ட்ரஸ் ஆக்சைடு மாதிரி சாயமும் பிக்மென்ட்டும் சேர்ந்தவை பார்வைக்குக் காய்ந்தாற்போல இருந்தாலும் பவுடரைப் பிடித்துக்கொள்ளும். அவற்றின் மேல் எம்போஸ் செய்வதானால் முதல் நாள் வாஷ், மறுநாள் எம்போசிங் என்று வைத்துக்கொள்வது நல்லது. சென்னைக் காற்றில் கட்டாயம் அப்படித்தான்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். வாஷின் மேல் எம்போஸ் செய்தால் கோடு அதன் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். எம்போஸின் மேல் வாஷ் ஓட்டினால் கோடும் நிறமும் ஒன்றோடொன்று பேசும். நிறம் ஓடிவந்து கோட்டில் மோதி நிற்கும். கோட்டை ஒட்டிக் கொஞ்சம் அடர்ந்து தேங்கி, நடுவில் வெளிறிக் காயும். கோலத்தின் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் நிறம் ஒரு விதமாக அடங்கும். அதை வரைந்து கொண்டுவர முடியாது. மதுரைச் சுங்குடியில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் நிற்பதற்கும், பாத்திக்கில் மெழுகு காக்கும் இடத்துக்கும் உள்ள அழகு இதே அழகு. இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்வதற்கே அர்த்தம் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

எது முதலில் என்று சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை. சாயக்காரர்கள் செய்வதுபோல வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போங்கள். முதலில் தாள் முழுக்க வெளிர் மஞ்சள் வாஷ். நன்றாகக் காயட்டும், ஒரு இரவு போகட்டும். அதன் மேல் கோல ஸ்டாம்பை அழுத்தித் தங்கத்துக்குப் பதிலாக நிறமற்ற தெளிவான பவுடரைத் தூவி உருக்குங்கள். ஆறியபின் மேலே ஆரஞ்சு அல்லது செம்மண் நிற வாஷ். தெளிவான பவுடர் அடியில் இருக்கும் மஞ்சளைக் காத்துக்கொள்ளும், சுற்றிலும் நிறம் அடர்ந்துவிடும். மஞ்சள் ஒளியாலேயே கோலம் போட்டதுபோல இருக்கும். தங்கப் பவுடர் தரும் பகட்டை விட எனக்கு இது பிடிக்கும்.

பனித்துளி

அக்கா, இந்த முறையை வெள்ளைக் கடதாசியில் தெளிவான பவுடரோடு பாவித்திருக்கிறேன், அடியில் ஒரு வாஷ் கொடுக்கத் தோன்றவில்லை. கட்டாயம் செய்து பார்ப்பேன். ஆனாலும் தங்கம் வேண்டுமென்றால் என் முறைதான், அதில் மாற்றமில்லை.

சின்னக்கை, தஞ்சாவூர்

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் எம்போசிங்குக்கென்று விற்கும் ஹீட் கன் இல்லை. முடி உலர்த்தும் டிரையர் ஆகுமா? ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் உரிக்க விற்கும் ஹீட் கன் வீட்டில் இருக்கிறது, அது?

அச்சுக்கூடம்

டிரையர் ஆகாது. சூடு போதாது, காற்றோ அதிகம். உருகுவதற்கு முன் பவுடர் பறந்துவிடும்.

ஹார்டுவேர் ஹீட் கன் ஆகும், ஆனால் கவனம். பெரும்பாலும் இரண்டு நிலை இருக்கும், முதல் நிலையிலேயே சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரும். இரண்டாம் நிலை பக்கமே போகாதீர்கள், தாள் பழுப்பாகிவிடும். முதல் நிலையில் வைத்து, தாளுக்கு வெளியே சில நொடிகள் ஓடவிட்டுச் சூடேற்றிக்கொண்டு, தாளுக்கு அடியிலிருந்து காட்டுங்கள். தாளை மரக் கிளிப்பால் ஒரு மூலையில் பிடித்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து சூடு வந்தால் பவுடர் பறக்காது, தாளும் ஒரே சீராகச் சூடேறும்.

கண் கோட்டின் மேலேயே இருக்கட்டும். முதலில் பவுடர் மணல்போல மங்கலாக இருக்கும். பிறகு ஒரு மூலையில் சட்டென்று ஈரம் பட்டதுபோல மின்னும். அந்த மினுமினுப்பு கோட்டின் வழியே ஓடும், நீங்கள் கன்னை நகர்த்திக்கொண்டே அதன் பின்னால் போக வேண்டும். மின்னிய இடத்தில் ஒரு நொடிகூடக் கூடுதலாக நிற்க வேண்டாம். சொரசொரப்பாக இருந்தால் சூடு போதவில்லை என்று அர்த்தம். அப்படியே விட்டு வாஷ் ஓட்டினால் துகள்களின் இடுக்கில் நிறம் புகுந்து கோடு அழுக்காகத் தெரியும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புகை மூச்சில் போக வேண்டாம். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கன் ஆறும்வரை எட்டாத உயரத்தில் வையுங்கள், அதன் மூக்கு வெகு நேரம் சூடாகவே இருக்கும்.

மெல்லிய கோலக் கோட்டுக்கு ‘டீடெயில்’ அல்லது ‘சூப்பர்ஃபைன்’ என்று போட்ட பவுடரைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணத் துகள் பெரியது, நெருங்கிய இரண்டு கோடுகள் உருகும்போது ஒன்றாகிவிடும்.

தூரிகைநெல்லை

மையைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

தைஅட்டை, நீங்கள் மஞ்சளையும் ஊதாவையும் சேர்க்கிறீர்கள். மஞ்சள் கிழங்கும் கரும்பும் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன், பொங்கலுக்கு அது நியாயமான ஆசைதான். ஆனால் இவை ஒன்றுக்கொன்று எதிர் நிறங்கள். ஈரத்தில் கலந்தால் சேற்றுப் பழுப்புதான் வரும். இரண்டும் வேண்டுமென்றால் மஞ்சளை முழுக்கக் காயவிட்டு ஊதாவைத் தனிப் பகுதியில் கொடுங்கள். அல்லது நடுவில் இளஞ்சிவப்பை விடுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, ஊதா என்று போனால் ஒவ்வொன்றும் பக்கத்து நிறத்தோடு சுத்தமாகக் கலக்கும், எதிரெதிர் இரண்டும் நேராகத் தொட்டுக்கொள்ளாது.

டிஸ்ட்ரஸ் மை மாதிரி ஸ்டாம்ப் மைகளை ஒரு பிளாஸ்டிக் ஷீட்டில் தட்டி, தண்ணீர் தெளித்து, பிரஷ்ஷில் எடுத்தால் அருமையான வாஷ் கிடைக்கும். அவை தண்ணீர் பட்டால் இளகுவதற்கென்றே செய்தவை. அது கிடைக்கவில்லை என்றால் பவுண்டன் பேனா மையை எடுங்கள். நான் அதைத்தான் அதிகம் எடுக்கிறேன். கறுப்புப் பேனா மை ஒரு துளியை நனைந்த தாளில் விட்டால் பல நேரம் அது வெறும் சாம்பல் நிறமாகப் பரவாது. ஓரத்தில் நீலம் பிரியும், நடுவில் சிவந்த ஊதா தங்கும். கறுப்புச் சாயம் பல சாயங்களின் கலவை என்பதால் ஒவ்வொன்றும் தாளில் தன் வேகத்தில் ஓடுகிறது. வெள்ளைப் பவுடரில் எம்போஸ் செய்த நட்சத்திரத்தைச் சுற்றி இதை ஓடவிட்டுப் பாருங்கள், இரவு வானம் தானாக வரும்.

குறையும் சொல்ல வேண்டும். பேனா மை வெளிச்சத்தில் வெளிறும், நீலம் சீக்கிரமே போகும். உறையில் வைத்துப் பாதுகாக்கும் வாழ்த்து அட்டைக்கு அது பெரிய விஷயமில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போவதானால் நல்ல வாட்டர்கலரே எடுங்கள். ஆல்கஹால் இங்க் இந்த வேலைக்கு வேண்டாம், அது பிளாஸ்டிக்கிலும் பிடிக்கும். எம்போஸ் கோடு நிறத்தைத் தள்ளிவிட வேண்டும் என்றால் தண்ணீரில் கரையும் மைதான் வேண்டும்.

ஈர வாஷில் கல்லுப்பு தூவினால் பூப்பூவாக வரும் என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான், அழகாகவே வரும். ஆனால் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். கடலோர ஊரில் உப்பைத் தட்டிவிட்ட பிறகும் மிச்சம் தாளில் தங்கி, தாள் நசநசவென்றே இருக்கும். அதன் மேல் பவுடர் தூவினால் எல்லா இடத்திலும் ஒட்டும். உப்பு வேண்டுமென்றால் எம்போசிங்கை முடித்துவிட்டுக் கடைசி வாஷில் மட்டும்.

தைஅட்டை

நேற்றும் இன்றும் உட்கார்ந்து செய்து பார்த்தேன். ஹாட் பிரஸ் தாள், மாஸ்கிங் டேப், தெளிவான பவுடர், அக்கா சொன்ன மஞ்சளின் மேல் ஆரஞ்சு. கோலம் உள்ளிருந்து விளக்கு எரிவதுபோல வந்திருக்கிறது! அம்மா கையில் வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டு சந்தேகம் மிச்சம். எம்போஸ் கோட்டின் மேல் ஆரஞ்சு நிறம் சின்னச் சின்ன முத்தாக நின்று அப்படியே காய்ந்துவிட்டது. அதை என்ன செய்வது? அப்புறம், கடிதம் போய்ச்சேரும் வழியில் மழையில் நனைந்தால் நிறம் கரைந்துவிடாதா?

நீலச்சாயம்

நன்றாக வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

அந்த முத்துகள் வருவது நல்ல அறிகுறி, பிசின் முழுதாக உருகித் தண்ணீரைத் தள்ளுகிறது. வாஷின் பளபளப்பு அடங்கும் நேரத்தில் டிஷ்யூ பேப்பரைக் குச்சிபோல முறுக்கி, அதன் நுனியை முத்தின் மேல் வையுங்கள். தேய்க்க வேண்டாம், தொட்டால் போதும், உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்துவிட்டது என்றால் துணியை நனைத்து இறுகப் பிழிந்து விரலில் சுற்றி, கோட்டின் மேலேயே லேசாக இழுங்கள். பக்கத்துத் தாளில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பட்டால் அங்கே வெளிறிய தடம் விழும். வெள்ளைப் பவுடரில் இதைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

சிலர் இந்த முத்துகளை அப்படியே விட்டுவிடுவார்கள். தெளிவான பவுடரில் அது மஞ்சள் கோட்டின் மேல் ஆரஞ்சுப் புள்ளியாக, கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோலவே இருக்கும். உங்கள் கண்ணுக்குப் பிடித்தால் விட்டுவிடுங்கள்.

பனித்துளி

தபால் விஷயம் எனக்குத் தெரியும், நான் கடல் தாண்டி அனுப்புகிறவள்.

சாய மையில் செய்த வாஷ் நனைந்தால் கரையத்தான் செய்யும். ஓவியக் கடையில் விற்கும், நிறத்தைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் அல்லது அக்ரிலிக் வார்னிஷ் ஸ்பிரேயைத் தூரத்தில் இருந்து மெல்லிய படலமாக அடியுங்கள். ஒன்று காய்ந்தபின் இன்னொன்று. கிட்டப் பிடித்து ஒரேயடியாக அடித்தால் ஸ்பிரேயின் ஈரமே நிறத்தை ஓடவைக்கும். எம்போஸ் கோட்டின் பளபளப்பு இதனால் கொஞ்சம் அடங்கும் என்பதால் முதலில் ஒரு கழிவுத் துண்டில் அடித்துப் பாருங்கள். ஸ்பிரே வேண்டாம் என்றால் அட்டையைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிறகு கடித உறைக்குள் வையுங்கள். எனக்கு அதுதான் விருப்பம்.

இன்னொன்றும் சொல்கிறேன், உறை தடிப்பாகிவிடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு. வாஷ் காய்ந்த பிறகு எம்போஸ் கோட்டையே எடுத்துவிடலாம். அச்சடிக்காத வெற்று நியூஸ்பிரிண்ட் கடதாசிக்கு நடுவில் துண்டை வைத்து, நீராவி இல்லாமல் அயர்ன் செய்யுங்கள். அச்சுக்கூடம் அண்ணா சொன்ன அதே விஷயம்தான், பிசின் மறுபடி இளகி நியூஸ்பிரிண்ட்டுக்குப் போய்விடும். புதுக் கடதாசி மாற்றி மாற்றி, கறை வராமல் நிற்கும்வரை செய்யுங்கள். மேடு போய்விடும், நிறம் ஏறாத கோடு மட்டும் தட்டையாக, லேசாக மெழுகு பிடித்ததுபோல மிஞ்சும். அச்சடித்த செய்தித்தாளை வைத்துவிடாதீர்கள், அதன் மை உங்கள் அட்டைக்கு வந்துவிடும்.

சின்னக்கை

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கோல ஸ்டாம்ப் எங்கே வாங்கினீர்கள்? நான் தேடிய வரை வெளிநாட்டுப் பூ, பட்டாம்பூச்சி, ஆங்கில வாழ்த்துதான் கிடைக்கிறது.

தைஅட்டை

வாங்கவில்லை. ஆபீஸ் சீல் செய்து தரும் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் கொடுத்துச் செய்தேன். கோலத்தைக் கறுப்பு மையில் வெள்ளைத் தாளில் தெளிவாக வரைந்து ஸ்கேன் செய்து கொடுத்தால் போதும். கோடு ரொம்ப மெல்லியதாக இருந்தால் அறுந்துபோகும் என்று கடைக்காரர் சொன்னார், அதனால் கொஞ்சம் தடிமனாகவே வரைந்தேன்.

நீலச்சாயம்

சின்னக்கை, கோலம் கையில் வருகிறவராக இருந்தால் ஸ்டாம்பே வேண்டாம். எம்போசிங் பேனா என்று ஒன்று உண்டு, அதன் மை மெதுவாகக் காயும். அது கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கிச் சில துளி தண்ணீரும், கோடு கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு பொட்டு ஃபுட் கலரும் கலந்து, தொட்டு எழுதும் நிப்பால் வரையுங்கள். தண்ணீர் கூடினால் தாள் உறிஞ்சிவிடும், பவுடர் பிடிக்காது. மை கோட்டில் மேடாக நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்கட்டும்.

வரையும்போது புள்ளிகளை மட்டும் முதலில் மென்மையான பென்சிலால் லேசாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்குக் கோலம் முடியும்வரை முதலில் வரைந்த கோடு ஈரமாக இருக்க வேண்டும் என்பதால், தொடக்கத்தில் ஐந்து புள்ளிக் கோலத்துக்கு மேல் போக வேண்டாம். பென்சில் புள்ளிகளை உருக்குவதற்கு முன் அழிக்க முயலாதீர்கள், ரப்பர் ஈரக் கோட்டை இழுத்துவிடும். உருக்கி ஆறிய பிறகு, வாஷுக்கு முன் அழியுங்கள். வாஷ் ஓட்டிவிட்டால் அந்தப் புள்ளிகளை எடுப்பது கஷ்டம்.